கிரேயம் கிறீனின் ‘பிறைற்றன் றொக்’: தண்டனையும் நீதியும்

துப்பறியுங் கதை வாசகனுக்கு ஓர் உறுதியளித்தே தொடங்குவது. கொலை நிகழ்ந்துவிட்டது, கொலைஞன் யாரென்பது மறைந்திருக்கிறது, இறுதி அதிகாரத்தில் அவன் வெளிப்படுவான், வெளிப்பட்டதும் குலைந்துபோன ஒழுங்கு மீண்டும் நிலைபெறும் என்பதே அவ்வுறுதி. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இவ்வகை நாவல் இங்கிலாந்திலே பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆயின் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதும் நீதி செய்வதும் ஒன்றுதானா என்னும் வினாவை அந்நாவல்களுட் பெரும்பாலானவை எழுப்புவதில்லை. அவ்வினாவைத் துப்பறியுங் கதையின் உருவத்துள் நின்றுகொண்டே எழுப்பிய நூல், கிரேயம் கிறீன் 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிறைற்றன் றொக்’ என்பதாகும்.

கிறீன் 1904ஆம் ஆண்டு பேர்க்கம்ஸ்ரெட் என்னும் ஊரிற் பிறந்தவர். அவ்வூர்ப் பாடசாலைக்கு அவருடைய தந்தையாரே தலைமையாசிரியராயிருந்தார். தலைமையாசிரியரின் மகனாயிருந்ததனாற் சக மாணவர் மத்தியில் அவர் அடைந்த மனத்துன்பம் மிகப் பெரிது. 1971இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அதனை அவர் விரிவாகக் கூறியுள்ளார். 1926ஆம் ஆண்டில் அவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். தம்முடைய நூல்களை ‘நாவல்கள்’ என்றும் ‘பொழுதுபோக்குக் கதைகள்’ என்றும் இரு கூறாக வகுத்துக்கொண்டவர் அவர். ‘பிறைற்றன் றொக்’ முதலில் அமெரிக்காவிலே பொழுதுபோக்குக் கதையென்ற பெயருடன் வெளிவந்து, பின்னர் நாவல் வரிசையில் இடம்பெற்றது. இவ்விட மாற்றம் தற்செயலானதன்று. நூலினுள்ளேயே அத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்கின்றது. கொலைக் கதையாகத் தொடங்குவது ஆன்மாவைப் பற்றிய கதையாக முடிகின்றது.

கதையின் சுருக்கம் இது. பெந்தெகொஸ்தே விடுமுறைத் திங்கட்கிழமையன்று இலண்டனிலிருந்து மக்கள் வெள்ளம் பிறைற்றன் நகரக் கடற்கரைக்கு வந்து குவிகின்றது. அவர்களிடையே ஹேல் என்னும் பத்திரிகைக்காரனும் வருகிறான். தன் பத்திரிகையின் விளம்பரத்துக்காக, குறித்த வழியிலே சீட்டுகளை ஆங்காங்கு மறைத்து வைத்துச் செல்வதும், தன்னை அடையாளங் கண்டு உரிய சொற்களைக் கூறுபவர்க்குப் பரிசளிப்பதும் அவன் தொழில். (இவ்வழக்கம் கற்பனையன்று, 1927ஆம் ஆண்டில் ஆங்கிலப் பத்திரிகையொன்று இதனை உண்மையாகவே தொடக்கிவைத்தது.) அந்நகரின் குதிரைப் பந்தயக் கூட்டமொன்றின் தலைவனாயிருந்த கைற் என்பவன் இறப்பதற்கு ஹேல் எழுதிய செய்தி காரணமாயிற்று. அதற்குப் பழிவாங்க, கைற்றின் வளர்ப்புப் பிள்ளைபோன்றவனும் அவனுக்குப்பின் தலைவனானவனுமாகிய பிங்கி, ஹேலைக் கொல்கிறான். பிங்கிக்கு வயது 17.

மரண விசாரணையில் ஹேல் இயற்கையாக இறந்தான் என்று முடிவாகின்றது. ஆயினும் ஹேலின் சீட்டொன்றை உணவுச்சாலை மேசை விரிப்பின்கீழ் வைத்தவன் ஹேல் அல்லன் என்பதை அங்குப் பணிபுரியும் றோஸ் என்னும் 16 வயதுப் பெண் அறிவாள். அவள் வாயை அடைப்பதற்காகப் பிங்கி அவளிடம் அன்புள்ளவன்போல நடிக்கிறான். கூட்டாளி ஸ்பைசரை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொல்கிறான். கணவனுக்கு எதிராக மனைவி சாட்சி சொல்ல முடியாதென்னுஞ் சட்ட நுணுக்கத்தை நம்பி றோஸை மணக்கிறான். மறுபுறத்தில், ஹேல் இறப்பதற்குச் சற்று முன் அவனோடு பழகிய ஐடா ஆணல்ட் என்னும் நடுவயதுப் பெண், அவன் கொலைசெய்யப்பட்டான் என்று உறுதிகொண்டு, தானே புலனாய்வில் இறங்குகிறாள். இறுதியில் றோஸைத் தற்கொலை செய்துகொள்ளும்படி தூண்டுவதற்காகப் பிங்கி அவளைக் கடலோரக் குன்றுக்கு அழைத்துச் செல்கிறான். ஐடா பொலிஸ்காரரோடு அங்கு வந்து சேர்கிறாள். பிங்கி தன் கையிலிருந்த அமிலம் தன் முகத்திலேயே தெறிக்க, குன்றின் விளிம்பைக் கடந்து வீழ்ந்து மடிகிறான்.

கொலைஞன் யாரென்பதைக் கிறீன் மறைக்கவேயில்லை. ஹேலைக் கொல்ல எண்ணியிருக்கிறார்கள் என்பதை நாவலின் முதல் வாக்கியமே கூறிவிடுகின்றது. மறைக்கப்படுவது கொலை நிகழ்ந்த விதம் மாத்திரமே. எனவே ‘யார் செய்தான்?’ என்ற வினாவுக்குரிய இடம் வெறுமையாகின்றது. அவ்விடத்தில், ‘செய்தவன் எத்தகையவன்? அவனைப் பிடித்தபின் என்ன எஞ்சும்?’ என்னும் வினாக்கள் வந்து அமர்கின்றன.

பிங்கியின் கொடுமை எங்கிருந்து வந்தது? நாவலில் இதற்கு இரண்டு விடைகள் உள்ளன. முதலாவது, சமூகஞ் சார்ந்தது. கடற்கரையிலே விடுதிகளும் இசை மண்டபங்களும் ஒளிவீச, அவற்றுக்குப் பின்புறத்தே நெருக்கமான சேரித் தெருக்கள் கிடந்தன. பிங்கி அங்குப் பிறந்தவன். ஒரே அறையில் வாழ்ந்த பெற்றோரின் அந்தரங்கத்தைச் சிறுவயதிலேயே கண்டு அருவருப்படைந்தவன். பாடசாலை முற்றத்திலே கேத்திரகணிதப் பெட்டியின் பிரிகருவியைக் கொண்டு பிற சிறுவரைத் துன்புறுத்தப் பழகியவன். பிரிகருவி இருந்த கையிலே பின்னர்ச் சவரக்கத்தி ஏறியது. செயலின் தன்மை மாறவில்லை. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இப்பகுதியை எளிதிற் கடந்து செல்லல் இயலாது. உயர்வகுப்பில் அமர்ந்து படித்திருக்கவேண்டிய வயதினன் ஒருவன், பந்தயத் திடலிலே பணம் அறவிடுங் கூட்டத்துக்குத் தலைவனாகிறான். மதுவும் புகையும் அவனுக்கு ஆகா. ஒருகாலத்திற் குருவானவராக விரும்பியதும் உண்டு.

இக்கூட்டங்கள் கிறீன் வெறுமனே புனைந்தவையல்ல. பந்தயத் திடலுக்கு வெளியே காசு கட்டிப் பந்தயம் பிடிப்பது 1960ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்திற் குற்றமாயிருந்தது. ஆதலாற் பந்தயப் பணம் திடலிலே திரண்டது. அங்குத் தொழில் செய்தோரை அச்சுறுத்திப் பணம் பறிக்குங் கூட்டங்களும் திரண்டன. 1936ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பிறைற்றனுக்கு அண்மையிலுள்ள லூயிஸ் பந்தயத் திடலிற் கூட்டமொன்று ஆயுதங்களுடன் தாக்குதல் நடத்திப் பிடிபட்டுச் சிறைத் தண்டனை பெற்றது. நாவல் வெளிவந்தபோது இந்நிகழ்ச்சி வாசகர் நினைவிற் பசுமையாகவே இருந்திருக்கும்.

ஆயின் வறுமையே பிங்கியை ஆக்கிற்று என்று கூறி அமைதியடைய நாவலாசிரியர் இடந்தரவில்லை. ஏனெனில் றோஸும் அதே சேரியிலிருந்து வந்தவள். பதினைந்து கினிப் பணத்துக்கு அவளைப் பிங்கிக்கு மணமுடித்துக்கொடுக்கச் சம்மதிக்கும் பெற்றோருக்குப் பிறந்தவள். அதே நெருக்கடியும் அதே இழிவும் அவளுக்கும் உரியன. அவ்வாறிருந்தும் அவள்பால் தோன்றுவது அன்பும் விசுவாசமுமே. ஒரே மண்ணில் இருவேறு பயிர்கள் முளைத்திருக்கின்றன. இதனாற் சூழல் ஒரு காரணமேயன்றி முழுக் காரணமன்று என்பது பெறப்படும். இரண்டாவது விடை இங்கேதான் தொடங்குகிறது. பிங்கி நரகத்தை நம்புகிறவன். மோட்சம் என்பது அவன் மனத்திலே தெளிவாக உருக்கொள்வதில்லை. தான் தேர்ந்துகொண்டது தீமை என்பதை அறிந்தே தேர்ந்துகொண்டவன் அவன்.

இனி, நகரம் செய்த நீதியை நோக்குவோம். நாவலில் நீதி மூன்று இடங்களில் விசாரிக்கப்படுகின்றது. முதலாவது மரண விசாரணை மன்றம். அங்கு வைத்தியச் சான்று இருந்தது, ஐயம் எழவில்லை, விரைவில் முடிந்தது. இரண்டாவது பொலிஸ். ஐடா ஐயங்களோடு சென்றபோது முடிந்த வழக்கை மீண்டும் திறக்க அவர்கள் விரும்பவில்லை. பின்னர்ப் பிங்கியை அழைத்துப் பேசும் அதிகாரியும் அவனைத் திருத்தவோ குற்றத்தை ஆராயவோ முற்படவில்லை. அவன் நகரைவிட்டு நீங்கினாற் போதும் என்றே கருதுகிறார். பந்தய நாள்களில் அமைதி குலையக்கூடாது என்பதே அவர் கவலை. விருந்தாளிகளை நம்பி வாழும் ஊருக்கு உண்மையைக் காட்டிலும் அமைதி பெறுமதி வாய்ந்தது.

இவ்விடத்திற் கொலியோனி என்னும் பாத்திரத்தையும் மறத்தலாகாது. பிங்கியின் கூட்டத்தை விழுங்க வந்த பெருங் கூட்டத்தின் தலைவன் அவன். அவன் வாழ்வது நகரின் மிகச் சிறந்த விடுதியிலே. அவனுடைய பேச்சு வணிகப் பெருமகனின் பேச்சு. அவனுடைய ஆட்களே பந்தயத் திடலிற் கத்திகளோடு பாய்கிறார்கள். அவன் கையிலோ கறை படிவதில்லை. நாவல் முடியும்போது பிங்கி இறந்துவிட்டான். கொலியோனி முன்னைப்போலவே இருக்கிறான். சிறுவனை வேட்டையாடி முடித்த நகரம், பெரியவனை விருந்தினனாக வைத்திருக்கின்றது. கிறீன் இதனை எங்கும் உரத்துக் கூறவில்லை. கூறாது விட்டமையாலேயே இது ஆழமாகப் பதிகின்றது.

மூன்றாவது நீதிமன்றம் ஐடாவின் உள்ளம். உண்மையில் நாவலின் துப்பறிவாளர் இவளே. நல்ல உணவு, மது, பாட்டு, நட்பு ஆகியவற்றில் மகிழ்பவள். மோட்ச நரகங்களில் நம்பிக்கையற்றவள். ஆவிகளிடம் எழுத்துப் பலகையிற் குறிகேட்பவள். ‘சரி’, ‘பிழை’ என்னும் இரண்டு சொற்களே அவளுக்குப் போதும். பிங்கியும் றோஸும் பேசும் மொழியோ வேறு. அவர்களுக்குரியவை ‘நன்மை’, ‘தீமை’ என்பன. இவ்விரு மொழிகளும் ஒன்றல்ல என்பதே நாவலின் உட்கருத்து. சரி பிழை என்பன ஊரார் வகுத்த ஒழுங்கைச் சார்ந்தவை. மீறியவனைக் கண்டுபிடித்துத் தண்டித்தால் கணக்கு நேராகிவிடும். நன்மை தீமை என்பன ஆன்மாவைப் பற்றியவை. அங்குத் தண்டனையோடு கணக்கு முடிவதில்லை.

உயிருக்கு உயிர் என்பதே ஐடாவின் அளவை. ஆயின் அவள் கோரிய அவ்வளவையைச் சட்டமே ஏற்றிருக்கமாட்டாது என்பது கருதற்பாலது. இங்கிலாந்தில் 1933ஆம் ஆண்டுச் சிறுவர் இளைஞர் சட்டம், 18 வயது நிரம்பாதோர்க்கு மரணதண்டனை விதிப்பதைத் தடைசெய்துவிட்டது. பிங்கி உயிரோடு பிடிபட்டிருப்பின் அவனுக்கு விதிக்கப்பட்டிருக்கக்கூடியது தடுப்புக் காவலேயன்றித் தூக்குமேடையன்று. பிராயம் முதிராதவன் மாறக்கூடும் என்னும் எண்ணமே அச்சட்டத்தின் அடியில் இருப்பது. ஐடாவின் நம்பிக்கையோ அதற்கு நேர்மாறானது.

நூலின் தலைப்பு பொருள்பெறுவதும் இங்கேதான். ‘பிறைற்றன் றொக்’ என்பது அந்நகரிற் கடற்கரைக்கு வருவோர் வாங்கிச் செல்லும் மிட்டாய்க் குச்சி. சீனிப் பாகைக் காய்ச்சி இழுத்துச் செய்வது. அதனுள்ளே நகரின் பெயர் எழுத்து எழுத்தாக நீளமுழுவதும் ஓடும். எங்கே கடித்தாலும் அப்பெயரே தோன்றும். மனிதர் மாறக்கூடும் என்று றோஸ் கூறும்போது, இம்மிட்டாயைச் சுட்டி, மனித இயல்பும் அத்தகையதே என்று ஐடா மறுக்கிறாள். ஒருபுறம் பாவமன்னிப்பையும் மனந்திரும்புதலையும் நம்பும் சிறுபெண். மறுபுறம் உலகானுபவம் மிக்க பெண். நாவலின் உண்மையான வழக்கு இவ்விருவருக்கும் இடையிலேதான் நிகழ்கின்றது.

இவ்வழக்கிற் கிறீன் யார் பக்கம்? றோஸின் பக்கமே என்பது திறனாய்வாளர் பலரின் கருத்து. ஆயின் கதை நிகழ்ச்சிகள் அவ்வளவு எளிதாக அம்முடிவுக்கு இணங்கவில்லை. பிங்கி மாறியிருக்கக்கூடிய தறுவாய்கள் இருக்கவே செய்கின்றன. பந்தயத் திடலிற் காயமுற்று ஒளிந்திருக்கும்போது அவன் மனம் வருந்த முயல்கிறான்; உடல் நோவும் அச்சமும் அதற்கு இடங்கொடுக்கவில்லை. இசை கேட்டு அவன் கண்கலங்குவதும் உண்டு. இறுதிப் பயணத்திலே ஏதோ ஒரு பெருங் கருணை வண்டியின் கண்ணாடியை முட்டி உள்ளே நுழைய முயல்வதுபோன்ற உணர்ச்சி அவனுக்கு ஏற்படுகின்றது. அவன் அதனை உள்ளே விடவில்லை. ஆகவே, கடித்த இடமெல்லாம் ஒரே எழுத்துத் தோன்றும் மிட்டாய் என்ற ஐடாவின் உவமை வேறெவரைக் காட்டிலும் பிங்கிக்கே பொருந்திவிடுகின்றது. கதவு திறந்திருந்தது, அவன் நுழையவில்லை. மாற முடியாமை வேறு, மாற மறுத்தல் வேறு. ஐடாவுக்கு இவ்வேறுபாடு தெரியவில்லை, கிறீனுக்குத் தெரிந்திருந்தது. நாவலின் ஆற்றல் இந்நுண்ணிய வேறுபாட்டிலே தங்கியிருக்கின்றது.

ஐடாவைப் பற்றியும் நடுநிலை பிறழாது கூறவேண்டியது ஒன்றுண்டு. அவளை ஆழமற்றவள், வேட்டையில் இன்பங் காண்பவள் என்று இகழ்வது இந்நாவலைப் படிப்போர்க்கு எளிதாயிற்று. ஆசிரியரின் நடையும் அதற்குத் துணைசெய்கின்றது. அவளுடைய பருத்த உடலையும் உரத்த சிரிப்பையும் அவர் வருணிக்கும் போதெல்லாம் ஓர் ஏளனம் தொனிக்கின்றது. ஆயின் குன்றின்மேல் நின்ற றோஸின் கையில் துப்பாக்கி இருந்தது. ஐடா வந்திராவிடின் அப்பெண்ணின் கதி யாதாயிருக்கும்? ஆன்மாவைப் பற்றி ஒன்றும் அறியாத ஐடா ஓர் உயிரைக் காத்தாள். ஆன்மாவைப் பற்றி எல்லாம் அறிந்த பிங்கி அதனை அழிக்க முயன்றான். கிறீன் தராசில் ஐடாவின் தட்டைச் சற்று அழுத்தியே பிடித்திருக்கிறார் என்பது மறுத்தற்கரிது.

வேறு குறைகளும் உள. சேரிச் சிறுவன் ஒருவனின் சிந்தையிலே இலத்தீன் வழிபாட்டுச் சொற்கள் அடிக்கடி எழுவதும், தன் நிலையை அவன் ஆராயும் நுட்பமும் சில இடங்களில் ஆசிரியரின் குரலாகவே ஒலிக்கின்றன. றோஸின் களங்கமின்மையும் சற்று முழுமையானதாகவே தீட்டப்பட்டுள்ளது. முதற் பதிப்பிலே யூதரைப் பற்றி இழிவுதோன்ற வந்த தொடர்கள் பிற்காலப் பதிப்புகளில் மாற்றப்பட்டன. சிறுவன் ஒருவனின் உள்ளத்தை இத்துணை நுட்பமாகக் கண்ட ஆசிரியர், அக்காலத்தில் மலிந்திருந்த இனவெறுப்பின் சாயலைத் தம் எழுத்திற் காணத் தவறியமை வருந்தத்தக்கது.

இத்தகைய குறைகளுக்கும் மேலாக நூலை நிலைநிறுத்துவது அதன் முடிவு. பிங்கி இறந்தபின் துப்பறியுங் கதை முடிந்துவிடுகின்றது. ஐடா தன் பழைய மதுச்சாலைக்கு மீண்டு, நண்பர்க்குக் கதை சொல்லி மகிழ்கிறாள். அவளுக்குக் கணக்கு நேராயிற்று. ஆனால் நாவல் முடியவில்லை. றோஸ் பாவசங்கீர்த்தனஞ் செய்யச் செல்கிறாள். தான் மன்னிப்பை வேண்டவில்லை என்றும், அவனோடு தானும் அழிந்திருக்கவேண்டும் என்றும் கூறுகிறாள். கடவுளின் இரக்கம் மனித அறிவுக்கு எட்டாத விந்தை என்று முதிய குரு அவளைத் தேற்றுகிறார். அவன் அவளிடம் உண்மையில் அன்பு வைத்திருந்தானாயின் அதுவே அவனிடத்து ஏதோ நன்மை இருந்தமைக்குச் சான்று என்கிறார். அவளிடம் ஒரு சான்று இருக்கின்றது. கடற்பாலத்திலே பிங்கி தன் குரலைப் பதிவுசெய்து கொடுத்த இசைத்தட்டு அது. அதில் அன்புமொழி இருப்பதாக நம்பி, முதன்முறையாக அதனைக் கேட்பதற்காக அவள் வீட்டை நோக்கி நடக்கிறாள். அதிலே பதிந்திருப்பது வெறுப்பு ஒன்றே என்பது வாசகர்க்குத் தெரியும். நூல் அங்கே முடிகின்றது.

1947ஆம் ஆண்டில் ஜோன் போல்ற்றிங் நெறிப்படுத்திய திரைப்படம் இம்முடிவை மாற்றிவிட்டது. திரைக்கதை கிறீனும் நாடகாசிரியர் றற்றிகனும் எழுதியது. பிங்கியாக நடித்தவர் றிச்சட் அற்றன்பறோ. படத்தில் இசைத்தட்டின் ஊசி ஓரிடத்திற் சிக்கிக்கொள்ள, அன்புரை போன்ற சொற்கள் மாத்திரமே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன, வெறுப்பு வெளிவரவில்லை. திரையரங்கிலே இருப்பவர் ஆறுதலோடு வீடு செல்லலாம். படத்தின் தொடக்கத்தில், இக்கதையிற் காட்டப்படும் நகரம் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தது, இப்போது அவ்வாறில்லை என்ற அறிவிப்பும் இடம்பெற்றது. நல்ல பெயரைக் காப்பதில் நகரங்களுக்கு உள்ள கவலையை நாவல் எவ்வாறு காட்டிற்றோ, அதனை அவ்வறிவிப்பும் தன்னையறியாமலே காட்டிவிட்டது. 2010ஆம் ஆண்டில் றோவன் ஜொபே எடுத்த படமோ கதையை 1964ஆம் ஆண்டுக்கு நகர்த்திற்று. அவ்வாண்டின் பெந்தெகொஸ்தே விடுமுறையிலே அதே கடற்கரையில் இளைஞர் கூட்டங்கள் இரண்டு மோதிக்கொண்டமை வரலாறு. தலைமுறை மாறினும் கதை அந்நகருக்குப் புறம்பானதாகவில்லை.

இளைஞர் வன்முறையைப் பொருளாகக் கொண்ட ஆங்கில நாவல்கள் பின்னரும் தோன்றின. 1954இல் கோல்டிங் எழுதிய ‘ஈக்களின் அதிபதி’யும், 1962இல் பேர்ஜஸ் எழுதிய ‘இயந்திர ஒறேஞ்சு’ம் அவ்வகையிற் புகழ்பெற்றவை. முன்னது சிறுவர் சமுதாயம் முழுவதையும் உருவகமாக்கிற்று. பின்னது அரசு ஒருவனை வலிந்து நல்லவனாக்கலாமா என்று கேட்டது. ‘பிறைற்றன் றொக்’ கேட்பது இவற்றினும் எளியதும் அண்மையதுமான ஒன்று: குற்றவாளி அகப்பட்டபின், அவனால் உடைந்தவர்களை யார் கவனிப்பார்?

பிங்கிக்குத் தண்டனை கிடைத்தது. ஹேலின் கொலைக்கு விடை கிடைத்தது. நகரம் தன் விடுமுறைக் கூட்டத்தைத் தொடர்ந்து வரவேற்றது. 16 வயதுப் பெண் ஒருத்தியோ இசைத்தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தன்னந்தனியே தெருவிற் போகிறாள். அவளைத் தடுத்து நிறுத்த ஒருவருமில்லை. தண்டனை எங்கே முடிகின்றதோ அங்கேதான் நீதியின் பணி தொடங்குகின்றது என்பதனைத் துப்பறியுங் கதையின் எல்லைக்குள் நின்று காட்டியமையே இந்நாவலின் தனிச்சிறப்பு எனலாம்.